அமெரிக்க மேற்கின் குடியேறிகள்: குடும்பக் கடிதமும் 160 ஏக்கரும்

கேள்வி இதுதான்: "19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறியவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெற்ற தாய்க்கு எழுதும் கடிதத்தில்கூடப் பாதிக்குமேல் நிலக் கணக்குதான். பாசத்தைவிட நிலம் பெரிதாகப் போய்விட்டதா இவர்களுக்கு? அந்த நிலக் கொடுக்கல் வாங்கல் உண்மையில் எப்படி நடந்தது?"

அந்தக் கடிதங்களில் பாசத்தையும் நிலத்தையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நிலப் பேரம் எங்கோ நடந்து முடிந்தபிறகு அதைப் பற்றிக் கடிதத்தில் சொன்னார்கள் என்று எடுத்துக்கொண்டால் பாதி விஷயம் புரியாது. பேரமே பெரும்பாலும் கடிதத்துக்குள்தான் நடந்தது. முன்னால் போன அண்ணன்தான் தரகர். ஊரில் இருக்கும் மாமனார்தான் வங்கி. பக்கத்து நிலத்து மைத்துனன்தான் அரசு அலுவலகத்தில் சாட்சி. இவர்களை எல்லாம் சேர்த்துக் கட்டியது தபால். அதனால் ஒரு கடிதத்தில் "அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது" என்பதற்கு அடுத்த வரியில் "என் பங்குக்கான வரியைக் கட்டிவிட்டாயா" என்று வந்தால் அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. இரண்டையும் விசாரிக்க அவர்களுக்கு இருந்தது அந்த ஒரே தாள்தான்.

முதலில் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். "மேற்கு" என்பது அந்த நூற்றாண்டில் நகர்ந்துகொண்டே இருந்தது. 1820இல் மேற்கு என்றால் இந்தியானா, இல்லினாய். 1850இல் ஐயோவா, ஒரிகன். 1870களில் கான்சஸ், நெப்ராஸ்கா, டகோட்டா. ஒவ்வொரு காலத்துக்கும் நிலச் சட்டம் வேறு. 1835இல் எழுதிய கடிதத்தை 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தை (குடியேறி வாழ்ந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் அரசு நிலம் கொடுத்த சட்டம்) மனதில் வைத்துக்கொண்டு படித்தால் எதுவும் பொருந்தாது.

கடிதம் வழியாக நிலம் வாங்குவது எப்படிச் சாத்தியமானது? அதற்குக் காரணம் சர்வே. 1785ஆம் ஆண்டு நிலச் சட்டம் ஓஹையோ ஆற்றுக்கு அப்பால் இருந்த நிலத்தைக் கட்டம் போட்டுப் பிரிக்கச் சொன்னது. 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர், அரை மைலுக்கு அரை மைல். கால் பங்கிலும் கால் பங்கு 40 ஏக்கர். அளந்தது 66 அடிச் சங்கிலியால். நம் ஊர் சர்வேயில் புழங்கிய அதே கன்டர் சங்கிலிதான். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர்.

இதனால் என்ன ஆனது என்றால், ஒரு நிலத்தை ஒற்றை வரியில் எழுதிவிடலாம். "வடகிழக்குக் கால், செக்‌ஷன் 12, டவுன்ஷிப் 5 வடக்கு, ரேஞ்ச் 3 மேற்கு" (ரேஞ்ச் என்பது வடக்கு-தெற்காகப் போகும் டவுன்ஷிப் வரிசை) என்றும், எந்த முதன்மைத் தீர்க்கக்கோட்டிலிருந்து, அதாவது சர்வேக்கு அடிப்படையான எந்த வடக்கு-தெற்குக் கோட்டிலிருந்து, எண்ணுவது என்றும் எழுதினால் போதும். பூமியில் அந்த 160 ஏக்கரைத் தவிர வேறு எதையும் அது குறிக்காது. பென்சில்வேனியாவில் உட்கார்ந்திருக்கும் தம்பி, கண்ணால் பார்க்காத நிலத்தை அண்ணனின் கடிதத்தை நம்பி வாங்கினான் என்றால் இந்த ஒற்றை வரியின் பலத்தில்தான்.

இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு கென்டக்கி உதாரணம். அங்கே எல்லை என்பது இந்த ஓக் மரம், அந்த ஓடை, இன்னாரின் வேலி என்றுதான் எழுதப்பட்டது. ஒரே நிலத்தின்மேல் இரண்டு மூன்று பேர் பத்திரம் வைத்திருந்தார்கள், வழக்குக்கு முடிவே இல்லை. அப்படிப் பத்திரச் சிக்கலில் நிலத்தை இழந்தவர்களில் ஒருவர் தாமஸ் லிங்கன். 1816இல் அவர் குடும்பத்தோடு இந்தியானாவுக்குப் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பின்னாளில் அமெரிக்க அதிபரான அவர் மகன் ஆபிரகாமுக்கு அப்போது ஏழு வயது. இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கீழே மறுபடியும் சொல்லவேண்டியிருக்கிறது.

தபால் நிலவரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1845க்கு முன்னால் 400 மைலுக்கு அப்பால் போகும் கடிதத்துக்கு ஒரு தாளுக்கு 25 சென்ட். பெரும்பாலும் அதைக் கட்டியது கடிதத்தைப் பெறுபவர்தான். உறை போட்டால் அதுவும் இன்னொரு தாள் கணக்கு. அதனால் தாளையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதினார்கள். இடம் போதாவிட்டால் எழுதிய பக்கத்தையே கால் வட்டம் திருப்பி, முன்பு எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடியும் எழுதினார்கள். அப்படிப்பட்ட ஒரு தாளை முதன்முதலில் பார்ப்பவருக்குக் கண் கூசும். கொஞ்ச நேரம் ஒரு திசையில் மட்டும் பார்வையைப் பழக்கினால் படிக்க வந்துவிடும். 1845இல் 300 மைல்வரை 5 சென்ட், அதற்குமேல் 10 சென்ட் என்று ஆனது. 1851இல் முன்பணம் கட்டினால் 3,000 மைல்வரை 3 சென்ட். 1863இலிருந்து நாட்டுக்குள் எவ்வளவு தூரமானாலும் அரை அவுன்ஸுக்கு 3 சென்ட். ஒரு குடும்பத்தின் கடிதங்கள் 1850களில் திடீரென்று அதிகமாகிவிட்டால் பாசம் கூடிவிட்டது என்று நினைக்கவேண்டாம், தபால் செலவு குறைந்துவிட்டது.

பணம் அனுப்புவதும் இதே வழியில்தான். தபால் மணியார்டர் அங்கே 1864இல்தான் வந்தது. அதற்கு முன்னால் வங்கி நோட்டை இரண்டாகக் கத்தரித்து ஒரு பாதியை இன்றைய தபாலிலும், அது போய்ச் சேர்ந்த தகவல் வந்தபிறகு மறுபாதியை அடுத்த தபாலிலும் அனுப்புவது வழக்கம். "முதல் பாதிகள் வந்து சேர்ந்தன" என்று ஒரு கடிதத்தில் பார்த்தால் விஷயம் இதுதான். அந்த நோட்டும் எங்கும் செல்லாது. ஒவ்வோர் மாநில வங்கியும் தன் நோட்டைத் தானே அச்சடித்த காலம், ஊர் தாண்டினால் வட்டம் பிடிப்பார்கள், அதாவது எழுதியிருக்கும் மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். 1836 ஜூலையில் அதிபர் ஜாக்சன் அரசு, நிலத்துக்குத் தங்கமும் வெள்ளியும்தான் வாங்குவோம் என்று உத்தரவு போட்டது. அடுத்த ஆண்டு பெரும் நிதி நெருக்கடி. அந்த ஓரிரு வருடக் கடிதங்களில் நாணயத்துக்கான அலைச்சல் பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

இப்போது லிங்கன் குடும்பத்துக்கு வருவோம். குடும்பக் கடிதமும் நிலப் பேரமும் ஒன்றாவதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. புகழ்பெற்றவர் என்பதால் அந்தக் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. மற்றபடி அவற்றில் இருப்பது ஆயிரம் குடும்பங்களில் நடந்த அதே கதை.

தாமஸ் லிங்கன் கடைசியாகத் தங்கியது இல்லினாயின் கோல்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). 40 ஏக்கர்த் துண்டுகளாக மூன்று, ஆக 120 ஏக்கர். 1841இல் கைச்செலவுக்குத் தடுமாறிய தகப்பனுக்கு, வக்கீலாகிவிட்ட மகன் 200 டாலர் கொடுத்து, கிழக்குப் பக்கத்து 40 ஏக்கரைத் தன் பேருக்கு வாங்கினார். ஆனால் அப்பாவும், அவருடைய இரண்டாம் மனைவியான சித்தி சாராவும் உயிரோடு இருக்கும்வரை அந்த நிலத்தின் அனுபவம் அவர்களுக்கே என்று எழுதிவைத்தார். பார்வைக்குக் கிரயம், உண்மையில் பெற்றோருக்குச் செய்த உதவி. இப்படிக் குடும்பத்துக்குள் நடக்கும் கிரயங்களில் எழுதியிருக்கும் விலையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். "ஒரு டாலருக்கும் அன்புக்கும் ஈடாக" என்ற வாசகம் அந்தக் காலப் பத்திரங்களில் சாதாரணம்.

1851 ஜனவரியில் தாமஸ் இறந்தார். சித்தியின் முதல் திருமணத்து மகன் ஜான் ஜான்ஸ்டன் அந்த நிலத்தில்தான் இருந்தார். மற்ற 80 ஏக்கரில் தனக்கு வந்த உரிமையை ஆபிரகாம் ஒரு டாலருக்கு அவருக்கே எழுதிக்கொடுத்தார். அந்தப் பத்திரத்தோடு போன கடிதம் கிட்டத்தட்ட இரண்டே வரி: நிலத்துக்கான பத்திரம் இத்துடன் இருக்கிறது, நாங்கள் எல்லோரும் நலம், சொல்லும்படியான செய்தி ஏதும் இல்லை.

நவம்பரில் ஜான்ஸ்டன் நிலத்தை விற்றுவிட்டு மிசௌரிக்குப் போகத் துடிப்பதாக ஆபிரகாமுக்குத் தெரியவருகிறது. அதற்கு அவர் எழுதிய கடிதம் காரசாரமானது. அங்கே மண் இதைவிட வளமா, உழைக்காமல் அங்கே மட்டும் சோளம் விளைந்துவிடுமா என்று கேட்கிறார். உழைக்கப்போகிறாய் என்றால் இருக்கும் இடத்தைவிட நல்ல இடம் இல்லை, உழைக்கமாட்டாய் என்றால் எங்கே போனாலும் பிழைக்கமுடியாது. விற்ற பணத்தில் பாதி வழிச்செலவுக்குப் போகும், மீதியைத் தின்று தீர்ப்பாய், அப்புறம் உன்னைப் புதைக்கக்கூட ஒரு துண்டு நிலம் உனக்குச் சொந்தமாக இருக்காது என்கிறார். கிழக்கு 40 ஏக்கரை அம்மா இருக்கும்வரை அம்மாவுக்காக வைத்திருப்பேன், நீ பயிரிடாவிட்டால் குத்தகைக்கு விட்டாலே அவள் பிழைப்புக்கு ஆகும் என்று முடிவாகச் சொல்லிவிடுகிறார்.

ஜான்ஸ்டன் விடவில்லை. கிழக்கு 40 ஏக்கரையும் விற்கலாம் என்று யோசனை சொல்கிறார். அதே மாதம் 25ஆம் தேதி ஆபிரகாமின் பதிலில் ஒரு கணக்கு வருகிறது. 300 டாலருக்கு விற்பது, 100ஐ நீ எடுத்துக்கொண்டு போவது, 200ஐ அம்மாவுக்கு விட்டுவைப்பது, அதற்கு 8 சதவீத வட்டி, ஆக அம்மாவுக்கு வருடத்துக்கு 16 டாலர். இதுதானே உன் ஏற்பாடு? எனக்கு இதில் ஒன்றும் வேண்டாம், ஆனால் அம்மாவுக்கு இது போதாது. மற்ற 80 ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கின் அனுபவம் விதவை என்ற முறையில் அவளுக்கு ஆயுளுக்கும் உரிமை, அதை ஏற்கனவே முழுசாக உன்னிடம் விட்டுக்கொடுத்துவிட்டாள். இந்த 40க்கு வரும் மொத்தப் பணத்தின் வட்டியும் அவளுக்கே சேரவேண்டும். அவளுக்கு அநியாயம் நடக்காமல் பார்ப்பது ஓரளவு என் கடமை.

பெற்ற தாய் அல்ல அவள், சித்தி. 16 டாலர் என்ற எண்ணுக்குள் எவ்வளவு அக்கறை இருக்கிறது பாருங்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தக் கடிதம்தான். வட்டிக் கணக்குப் போட்டுத்தான் அந்த மகன் தன் அன்பைக் காட்டியிருக்கிறார்.

நிலத்தின் விலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1800இல் அரசு நிலம் ஏக்கர் 2 டாலர், தவணை உண்டு, ஆனால் குறைந்தது 320 ஏக்கர் வாங்கவேண்டும். 1819இல் சந்தை சரிந்து தவணைக்காரர்கள் மாட்டிக்கொண்டபிறகு, 1820இல் தவணையை எடுத்துவிட்டு ஏக்கர் 1.25 டாலர், குறைந்தது 80 ஏக்கர் என்று மாற்றினார்கள். 1832இல் 40 ஏக்கராகக் குறைந்தது. 1841ஆம் ஆண்டு முன்னுரிமைச் சட்டம், ஏலத்துக்கு முன்பே வந்து குடிசை போட்டவருக்கு 160 ஏக்கரை அதே 1.25க்கு வாங்கும் முதல் உரிமையைக் கொடுத்தது. அந்த 200 டாலரைத் தேடித்தான் எத்தனையோ கடிதங்கள் கிழக்கே போயின.

இன்னொரு சரக்கும் உண்டு, போர்வீரர்களுக்கான நில வாரண்ட். 1812 போர், மெக்சிகோ போர் எல்லாவற்றிலும் சண்டை போட்டவர்களுக்கு அரசு பணத்துக்குப் பதிலாக நிலச் சீட்டு கொடுத்தது. 1852இல் அந்தச் சீட்டை அடுத்தவர் பேருக்கு மாற்ற அனுமதி வந்ததும் அது கைமாறும் பண்டமாகிவிட்டது. வயதான போர்வீரர் தன் சீட்டை மேற்கே போகும் பேரனுக்கு எழுதிக்கொடுப்பார், இல்லையென்றால் தரகரிடம் தள்ளுபடியில் விற்பார். தாத்தா போகாத மாநிலத்தில் தாத்தா பேரில் நிலம் இருந்ததாகக் கடிதம் சொன்னால் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தோடு கடிதங்களின் தொனியே மாறுகிறது. 21 வயது ஆனவர், அல்லது குடும்பத் தலைவர், குடிமகனாகவோ குடிமகனாக விருப்பம் தெரிவித்தவராகவோ இருந்தால் 160 ஏக்கர். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர்தான். ஐந்து ஆண்டு அங்கே வாழ்ந்து பயிர் செய்யவேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே மனு கொடுத்தவர் டேனியல் ஃப்ரீமன், நெப்ராஸ்காவின் பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில். முதல் ஹோம்ஸ்டெட்காரர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அவர் திருமணமும் கடிதத்தில் அமைந்ததுதான். ஐயோவாவில் இருந்த ஆக்னஸ் சூட்டர், டேனியலின் தம்பி ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டவர். ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் மாண்டார். அதன்பிறகு டேனியலும் ஆக்னஸும் கடிதத்தில் பேசிப் பழகி, அவர் பெண் கேட்டதும் கடிதத்திலேயே நடந்து, 1865இல் மணந்துகொண்டார்கள். 160 ஏக்கரைத் தனியாளாக வைத்துச் சமாளிக்கமுடியாது. அந்தக் காலத்துத் திருமணப் பேச்சில் நிலம் குறுக்கே வராமல் இருக்காது.

ஹோம்ஸ்டெட் காலத்துக்கு மிக நெருக்கமாகப் போகவேண்டும் என்றால் ஓப்லிங்கர் குடும்பத்தின் கடிதங்களைப் படியுங்கள். ஏறத்தாழ 3,000 பக்கங்கள் நெப்ராஸ்கா வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட யூரையா ஓப்லிங்கர் 1872இல் இந்தியானாவிலிருந்து, மனைவியின் சகோதரர்களோடு, நிலம் தேடி நெப்ராஸ்காவின் ஃபில்மோர் கவுண்டிக்குப் போனார். மனைவி மாட்டியும் சிறு மகளும் அடுத்த ஆண்டுதான் போய்ச் சேர்ந்தார்கள். இடைப்பட்ட மாதங்களின் கடிதங்களில் கணவன் பாதி ஏக்கம், பாதி நில விவரம் எழுதுகிறார்: மண் எப்படி, தண்ணீர் எப்படி, பக்கத்தில் யார் யார். மாட்டி 1873இல் ஊருக்கு எழுதியதில் எங்கள் சொந்த வீட்டில் இருக்கிறோம், அதுவும் புல்தரையை வெட்டி அடுக்கிய வீடு என்ற பெருமிதம் துள்ளுகிறது. மரமே இல்லாத சமவெளியில் புல்வேர் பின்னிய மண்ணைக் கட்டிகளாக வெட்டிச் சுவர் எழுப்பிய வீடு அது. குத்தகை கட்டவேண்டாம், யாரும் போகச் சொல்லமுடியாது என்ற நிம்மதிதான் அவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. 1874இல் வெட்டுக்கிளிகள் கான்சஸ், நெப்ராஸ்கா வயல்களை மொட்டையடித்தன. 1880இல் மாட்டி பிரசவத்தில் இறந்தார். யூரையா பிறகு மறுமணம் செய்து பல மாநிலங்களில் மாறி மாறி வாழ்ந்தார். அந்தக் கடிதங்களை வரிசையாகப் படிக்கும்போது 1880இல் கையெழுத்து மாறும் இடத்தில் மனசு கனத்துப்போகிறது.

கடிதங்களில் அடிக்கடி வரும் ஒரு பேச்சு, நிரூபித்துப் பட்டா வாங்குவது. ஐந்து ஆண்டு முடிந்ததும் நில அலுவலகத்துக்குப் போய், இரண்டு சாட்சிகளோடு, அங்கேயே வாழ்ந்தோம், பயிரிட்டோம் என்று சத்தியம் செய்யவேண்டும். வீடு எத்தனை அடி, எத்தனை ஏக்கர் உழுதாய், எப்போதெல்லாம் ஊரில் இல்லை என்று கேட்பார்கள். 1879க்குப் பிறகு இதற்கு முன்கூட்டியே உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவிப்புப் போட்டு நான்கு சாட்சிகளின் பெயரையும் சொல்லவேண்டும். அந்தச் சாட்சிகளைப் பார்த்தால் மைத்துனர், ஒன்றுவிட்ட அண்ணன், மனைவியின் சித்தப்பா என்று போகும். நீ வந்து பக்கத்து நிலத்தை எடு என்று கடிதத்தில் கெஞ்சியதற்குத் தனிமை மட்டும் காரணம் இல்லை. ஏர் பூட்டவும், கிணறு வெட்டவும், கடைசியில் சாட்சி சொல்லவும் ஆள் வேண்டும்.

நிரூபிப்பதைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. காரணம் சட்டத்திலேயே இருந்தது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு இன்னும் இரண்டு ஆண்டு அவகாசம். பட்டா வரும்முன் வாங்கிய கடனுக்கு அந்த நிலத்தைக் கடன்காரன் தொடமுடியாது. நிரூபிக்கும்வரை நிலவரியும் இல்லை. ஆனால் அடமானம் வைத்துப் பணம் புரட்டவேண்டும் என்றால் பட்டா வேண்டும். அவசரக்காரர்களுக்கு இன்னொரு வழி: ஆறு மாதம் தங்கிவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி உடனே பட்டா வாங்கலாம். அதனால் "இந்த வசந்தத்திலேயே முடித்துவிடலாமா, பொறுக்கலாமா" என்று மகன் தகப்பனிடம் கடிதத்தில் யோசனை கேட்டால், பின்னால் கடனோ வரியோ இருக்கிறது என்று அர்த்தம்.

பாதியில் விட்டுப் போனவர்கள் ஏராளம். அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. நிலம் இன்னும் அரசுடையது என்பதால் விற்கமுடியாது. ஆனால் "என் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதித் தரலாம். 1880ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் விட்டுக்கொடுத்த அந்த நிமிடமே உள்ளூர் நில அலுவலகத்தில் அந்த இடம் அடுத்தவருக்குத் திறந்துவிடும். எனவே வாங்குபவரும் விடுபவரும் சேர்ந்தே கவுண்டருக்குப் போனார்கள். பணம் கை மாறியது எந்த அரசுத் தாளிலும் இருக்காது, குடும்பக் கடிதத்தில்தான் இருக்கும். கடிதங்கள் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம் இது.

பெண்களின் பங்கைக் கவனித்துப் படியுங்கள். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தன் பேரில் ஹோம்ஸ்டெட் எடுக்கலாம், கணவனோடு வாழும் மனைவி எடுக்கமுடியாது. கணவன் நடுவில் இறந்தால் மனைவி ஆண்டுகளை முடித்துப் பட்டாவைத் தன் பேரில் வாங்கலாம். ஒரிகனில் 1850ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. அந்த ஆண்டு டிசம்பர் 1க்குள் வந்து குடியேறிவிட்டவர்களில் தனி ஆணுக்கு 320 ஏக்கர், தம்பதிக்கு 640, அதில் பாதி மனைவியின் பேரிலேயே. அதன் மறுபக்கம், கூடுதல் நிலத்துக்காக அவசர அவசரமாக மிகச் சிறு வயதுப் பெண்களை மணந்தார்கள். மற்ற மாநிலங்களில் கணவன் நிலத்தை விற்கும்போது மனைவி தன் விதவைப் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். பல இடங்களில் அதிகாரி அவளைக் கணவனிடமிருந்து தனியே அழைத்து, சொந்த விருப்பத்தில்தான் செய்கிறாயா என்று கேட்டு அதையும் பத்திரத்தில் எழுதுவார். மனைவி கையெழுத்துப் போட மறுக்கிறாள் என்று ஒரு கடிதம் முறையிட்டால், அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே பிடி அதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எல்லோரும் இலவச நிலத்தில் குடியேறினார்கள் என்று சந்ததியினர் நினைப்பது பரவலான தவறு. ஹோம்ஸ்டெட் வழியாக மொத்தம் 27 கோடி ஏக்கர், ஏறத்தாழ 16 லட்சம் பட்டாக்கள் கொடுக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் ரயில் பாதைக்கு இருபுறமும் ஒற்றைப்படை எண் செக்‌ஷன்கள் ரயில் கம்பெனிகளுக்குப் போயின, அவர்கள் அதை விற்றார்கள். பர்லிங்டன் ரயில் கம்பெனி 1870களில் ஐயோவா, நெப்ராஸ்கா நிலத்தைப் பத்து வருடத் தவணையில் 6 சதவீத வட்டிக்கு விற்பதாகப் போஸ்டர் அடித்தது. ஒரே குடும்பத்தில் ஒருவர் இரட்டைப்படை செக்‌ஷனில் ஹோம்ஸ்டெட், இன்னொருவர் பக்கத்து ஒற்றைப்படையில் ரயில் நிலம், மூன்றாமவர் 1873ஆம் ஆண்டுச் சட்டப்படி மரம் நட்டு எடுக்கும் நிலம் என்று இருந்ததும் உண்டு. செக்‌ஷன் எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தாலே பாதி ஊகிக்கலாம்.

இந்தக் கடிதங்களில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நிலம் காலியாகக் கிடந்தது என்ற தொனி அவற்றில் எங்கும் இருக்கிறது. ஓப்லிங்கர்கள் போன ஃபில்மோர் கவுண்டி, பிளாட் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. அந்தப் பகுதியை பானி என்ற பூர்வகுடி மக்கள் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தது 1833 ஒப்பந்தத்தில். ஃப்ரீமன் நிலம் இருக்கும் கேஜ் கவுண்டியின் தெற்கு ஓரத்தில் ஓட்டோ-மிசௌரியா என்ற இன்னொரு பூர்வகுடி மக்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அதையும் விற்கவைத்து, 1880களின் தொடக்கத்தில் அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். குடியேறிகளின் பட்டாச் சங்கிலியில் முதல் கண்ணி எப்போதும் அரசு என்றுதான் எழுதியிருக்கும். அரசுக்கு எப்படி வந்தது என்பதை அறிய ஒப்பந்தங்களைத் தனியே எடுத்துப் படிக்கவேண்டும். அதையும் சேர்த்துப் படிக்காமல் இந்த வரலாற்றை எழுதுவது நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சரி, உங்கள் கையில் இருக்கும் கடிதங்களுக்கு என்ன செய்யலாம்? மண்ணைப் பற்றிய புகழ்ச்சியை அப்படியே நம்பாதீர்கள், உறவினரை வரவழைக்க எழுதியது அது. விலை, தேதி, செக்‌ஷன் எண் இவற்றைத் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிலத்தின் அந்த ஒற்றை வரி விவரம் கிடைத்துவிட்டால் அரசு நில அலுவலகத்தின் பட்டாக்களை இணையத்தில் தேடலாம். ஹோம்ஸ்டெட் என்றால் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அதன் முழுக் கோப்பு இருக்கும்: சாட்சிகளின் வாக்குமூலம், வீட்டின் அளவு, வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் குடியுரிமைத் தாள்வரை. அதற்குப் பிந்தைய விற்பனை, அடமானம் எல்லாம் அந்தந்தக் கவுண்டியின் பதிவேட்டில், விற்றவர் பெயர் வரிசையிலும் வாங்கியவர் பெயர் வரிசையிலும் இருக்கும். தகப்பன் இறந்தபின் வாரிசுகள் சேர்ந்து விற்ற பத்திரம் கிடைத்தால் அதை விடாதீர்கள். ஒவ்வொரு வாரிசும் தான் இருந்த ஊர் அதிகாரியின் முன் கையெழுத்திட்டிருப்பார்கள், அந்த ஊரும் கவுண்டியும் பத்திரத்திலேயே இருக்கும். கடிதம் நின்றுபோன அண்ணன் தம்பி அந்த வருடம் எங்கே இருந்தார்கள் என்று அதிலிருந்து தெரிந்துவிடும்.